நாலுமூலைக் காசும் ஒரு கொசுறும்

காசு செத்துப்போன காலத்தில், காட்டுப்பன்றிகூட நோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன காலத்தில், மலாயாவின் தெம்பாயான் ரப்பர் தோட்டத்தில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். பால்மரம் வெட்டுகிறவள். அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான், போனவன் போனவன்தான். செவந்தி என்று ஒரே ஒரு பெண் குழந்தை, பால்பல் விழ ஆரம்பித்திருந்த வயசு. பல் விழுந்த இடத்தில் பல் முளைத்ததே தவிர அதைக் கொண்டு கடிக்க வீட்டில் ஒன்றும் இல்லை.

ஜப்பான்காரன் அடித்த நோட்டில் வாழைமரம் குலை தள்ளி நிற்கும். அந்தக் குலையைத் தவிர வேறு பழம் யார் கண்ணிலும் படாத காலம் அது. நோட்டைக் கோணியில் கட்டித் தலையில் சுமந்து போனால், வாங்கிய சாமானை இடுப்பில் முடிந்துகொண்டு வரலாம். கடைக்கு நடக்கிற நேரத்தில் விலை ஏறிவிடும், அதனால் ஓடத் தெரிந்தவர்களுக்குத்தான் உப்பு கிடைத்தது. நடக்க முடியாதவர்கள் நோட்டைச் சுருட்டி அடுப்பு மூட்டினார்கள். அதுவும் நன்றாக எரியாது, புகைதான் வரும்.

அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி வீட்டில் மட்டும் அரிசி வெந்தது. மேட்டு பங்களாவில் குடியிருந்த கிராணியின் பெண்டாட்டி மனோன்மணிக்கு எல்லாம் இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. எலும்பும் தோலுமாகப் போன செவந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பாவாயி அந்தப் பங்களாவின் பின்வாசலில் ஒரு நாள் போய் நின்றாள்.

"வெச்சுக்குங்க கிராணியம்மா. உங்க வீட்டுல சோறாவது திங்கட்டும்."

"சும்மா விட்டுட்டுப் போனா நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவ. வெலன்னு ஒண்ணு வெச்சாத்தான் என் மனசு ஒரு நெலைல நிக்கும்," என்றாள் மனோன்மணி. உள்ளே போய் வாழைமர நோட்டு ஒரு கோணி நிறைய இழுத்துக்கொண்டு வந்து பாவாயி காலடியில் போட்டாள். போட்டுவிட்டு, சந்தையில் கீரைக்கட்டு வாங்கினவள் கேட்கிற மாதிரியே கேட்டாள். "கொசுறு?"

"வெறுங்கையோட நிக்கிறேங்க. கொசுறுக்கு நான் எங்க போவேன்?"

"கீரை வாங்கினாலே ரெண்டு பச்சமொளகா போடறாங்க பாவாயி, கொசுறு இல்லாத வியாபாரம் உருப்படாது. இந்தத் தோட்டமே என்னை அம்மாங்குது. அதெல்லாம் சம்பளத்துக்குக் கும்பிடற அம்மா. வயித்துலேருந்து ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. உம் பொண்ணு உன்னைக் கூப்பிடறாளே, அந்த அம்மாவ எனக்குக் குடு. அது போதும்."

பாவாயி யோசிக்கவில்லை. பசித்தவளுக்கு யோசனை எங்கிருந்து வரும்? பானையைக் கேட்டிருந்தால் கணக்குப் பார்த்திருப்பாள். வாயில் இருக்கிற வார்த்தை, போனால் என்ன வந்தது? குனிந்து செவந்தியின் முகத்தைத் தன் கையால் அந்தப் பக்கம் திருப்பி, "இனிமே இவங்கதான்டி உனக்கு அம்மா. அப்படித்தான் கூப்பிடணும், தெரியுதா?" என்றாள். உள்ளேயிருந்து சோறு கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. செவந்தி தாயையும் பார்த்தாள், வாசனை வந்த பக்கமும் பார்த்தாள். பிறகு மனோன்மணியைப் பார்த்து, "அம்மா," என்றாள். வியாபாரம் முடிந்தது. அந்தக் கோணி நோட்டுக்குப் பாவாயிக்குக் கிடைத்தது ஒரு தேங்காய், அதுவும் முற்றல்.

பிறகு ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தான், வாழைமர நோட்டு இனி செல்லாது என்று டவுனில் தண்டோரா போட்டார்கள், கோணி கோணியாக நோட்டு வைத்திருந்தவர்கள் கோணியாவது மிஞ்சியதே என்று உதறி மடித்து வைத்தார்கள். முதல் சம்பள நாளில், பால் நிறுக்கிற கொட்டகையில் மேசை போட்டு, பெரிய கிராணியே தன் கையால் புதுக்காசு கொடுத்தார். ராஜா தலை போட்ட செப்புக்காசு. ஆனால் வட்டமாக இல்லை, நாலு மூலையாக இருந்தது. ஜனங்கள் அதைக் கடித்துப் பார்த்தார்கள், கல்லில் தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கொதிக்கிற தண்ணீரில் போட்டே பார்த்தாள், எவ்வளவு நேரம் கொதித்தாலும் காசு காசாகவே இருந்தது. அன்று சாயங்காலமே, புதுக்காசைப் பிடித்த கை மூடின மாத்திரத்தில், செத்த நோட்டுக்கு விற்றதெல்லாம் விற்றவர்களைத் தேடித் திரும்பி வர ஆரம்பித்தது.

முதலில் வந்தது பாவாயிக்குப் பக்கத்து வீட்டுச் சடைச்சியின் பித்தளைக் குண்டான். செம்மண் பாதையில் உருண்டு உருண்டு வந்து, வாசற்படியில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே போய் அடுப்பு மேல் தானே ஏறி உட்கார்ந்தது. பின்னாலேயே, கூலிகளை மேய்க்கிற தண்டல் வீரபுத்திரன் விற்ற சைக்கிள், ஏறி மிதிக்க ஆளில்லாமல் மணியடித்துக்கொண்டு வந்தது. பூசாரி இரண்டு கோணி நோட்டுக்கு விற்றுத் தின்ற கோயில் மணி, நாக்கைத் தரையில் இழுத்தபடி ஊர் பார்க்க வந்து சேர்ந்தது, பூசாரி அன்றைக்கு முழுக்க வெளியே தலைகாட்டவில்லை. பெண்கள் விற்ற தாலிகள் பூரான் மாதிரி புல்லுக்குள் ஊர்ந்து வந்து, தூணில் ஏறுவது போல அவரவர் மேல் ஏறிக் கழுத்தில் சுற்றிக்கொண்டன. சயாமில் புருஷன் செத்த சேதி வந்து வெள்ளைப் புடவை கட்டினவர்கள் கழுத்திலும் சுற்றிக்கொண்டன. கழற்ற வரவில்லை. அந்தப் பெண்கள் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு பால் வெட்டப் போனார்கள், செத்தவனுக்காக அழுத அழுகையை அவர்கள் இன்னொரு தடவை அழவேண்டியிருந்தது.

தின்றது மட்டும் வேறு விதமாகத் திரும்பியது. நோட்டுக்கு வாங்கித் தின்ற கிழங்கும் கருவாடும் கடைக்காரன் டின்னுக்குத் திரும்பிப் போய்விட, தின்றவர்கள் வயிற்றில் அந்தந்த நாள் பசி மறுபடியும் வந்து உட்கார்ந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்கள் பசியில் தள்ளாடினார்கள். கடைக்காரன் சிரித்தான். அவன் நோட்டுக்கு வாங்கியிருந்த தகரக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்த பிறகு அவனும் சிரிக்கவில்லை.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். முதல் வாரம் வாயைப் பிளந்து பார்த்தவர்கள் அடுத்த வாரம் வழக்குப் பேச ஆரம்பித்தார்கள். வாங்கின சாமானை வீட்டுத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினவனுடைய தூணும் சாமானோடு சேர்ந்து போனது. நோட்டில் பரிசம் வாங்கிக் கட்டிக்கொடுத்த பெண்கள், அரைத்த அம்மியில் மசாலாவை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அப்பன் வீட்டுக்கு நடந்தார்கள், ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நடந்தாள். மறுநாள் புருஷன்மார் செப்புக்காசைத் துண்டில் முடிந்துகொண்டு வரிசையாக மாமனார் வாசலில் நின்றார்கள். மாமனார்கள் இந்தத் தடவை பேரம் பேசினார்கள்.

அந்தப் பெண்கள் நடந்து போனதைப் பார்த்த அன்றுதான் பாவாயிக்கு உயிர் வந்தது. சாமான் மட்டும் இல்லை, மனுஷரும் திரும்புகிறார்கள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் தன் வீட்டைச் சாணம் போட்டு மெழுகினாள். புதுக்காசுக்கு அரிசி வாங்கி முடிந்து வைத்தாள். வேலை முடிந்தால் வாசலில் உட்கார்ந்து மேட்டுப் பாதையையே பார்த்தாள்.

இதற்குள் ஜனங்கள் இன்னொரு விஷயத்தையும் கண்டுகொண்டிருந்தார்கள். சடைச்சியின் குண்டான் மூடி இல்லாமல் வந்திருந்தது. விற்கும்போது மூடியைக் கொசுறாகத்தான் கொடுத்திருந்தாள். தையல் மிஷின் வந்தது, கொசுறாகப் போன ஊசி வரவில்லை. ஆடு வந்தது, அதன் கழுத்துச் சலங்கை வரவில்லை.

"வித்ததுதான் வருது. கொசுறு வராது," என்று தண்டல் தீர்ப்பாகவே சொன்னார். "கொசுறுக்கு வெல கிடையாது பாருங்க. நோட்டு செத்தா நோட்டு மேல நின்ன வெயாபாரம் சாயும். கொசுறு எதும்மேல நின்னுது? மனசாரக் குடுத்தது. அது குடுத்ததுதான்."

பாவாயியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். சடைச்சியின் மூடியை நினைத்து எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கவும் செய்தாள்.

மேட்டு பங்களாவில் மனோன்மணி கதவுகளை அடைத்துத் தாழ் போட்டிருந்தாள், தன் புடவைத் தலைப்பைச் செவந்தியின் இடுப்பில் கட்டிவிட்டுத் தூங்கினாள். கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. காலைப் பிடிக்கச் சொன்னாள், பேன் பார்க்கச் சொன்னாள், ஆனால் சோற்றைத் தன் கையால் பிசைந்து ஊட்டினாள். ஒரு நாள் பட்டப்பகலில் முடிச்சு தானே அவிழ்ந்தது, தாழ் தானே விலகியது. மேட்டிலிருந்து செவந்தி இறங்கி வந்தாள், கன்னத்தில் சதை வைத்து, தலையில் நல்லெண்ணெய் மினுக்க. லயமே வெளியே வந்து பார்த்தது. பின்னால் மனோன்மணி, அவிழ்ந்த தலைப்பை வாரிச் சுருட்டிக்கொண்டு, வேலி வரைக்கும் ஓடிவந்து நின்றாள். அதற்கு மேல் அவள் கால் வரவில்லை.

பாவாயி மகளை வாரி எடுத்தாள். முகர்ந்தாள், முத்தமிட்டாள், காதைப் பிடித்துப் பார்த்தாள், பல்லை எண்ணிப் பார்த்தாள். இலையில் சோறு போட்டாள். செவந்தி சமர்த்தாக உட்கார்ந்து சாப்பிட்டாள். விக்கல் எடுத்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க, பாவாயக்கா," என்றாள்.

லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவளை அப்படித்தான் கூப்பிடும். பாவாயி சிரித்தாள். "பெரிய வீட்டுல மரியாத கத்துக்கிட்டு வந்துருக்கா," என்று வாசலில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். அவர்களில் யாரும் சிரிக்கவில்லை, சடைச்சி மட்டும் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அம்மா என்ற சொல் அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. பாவாயி கெஞ்சினாள், வெல்லக்கட்டியைக் காட்டினாள், ஒரு நாள் முதுகில் இரண்டு போட்டாள். உதடு குவிகிறது, திறக்கிறது, சத்தம் இல்லை. வார்த்தை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, அதற்கு அடியில் இருந்ததும் சேர்ந்து போயிருந்தது. இடி இடித்தால் செவந்தி ஓடிப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டாள். கீழே விழுந்தால் தானே எழுந்து தானே மண்ணைத் தட்டிக்கொண்டாள். சொன்னதைச் செய்தாள், போட்டதைத் தின்றாள், படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தாள். விருந்தாளியாக வந்தவள் எப்போது கிளம்பலாம் என்று காத்திருப்பது போல இருந்தாள்.

லயம் இதையும் சீரணித்துக்கொண்டது. "உடம்பு வந்துச்சே, அதுக்குச் சந்தோசப்படு பாவாயி," என்றாள் சடைச்சி. "என் குண்டான் மூடியில்லாமத்தான் வந்துச்சு. நான் தட்டை வெச்சு மூடிக்கல?" தண்டலோ, கொசுறு கேட்டவளைவிடக் கொடுத்தவள் புத்திதான் செருப்பால் அடிக்கப்பட வேண்டியது என்று அவள் காது படவே சொன்னார். பெற்றவளைப் பார்த்து இப்படிச் சொல்ல அந்த மனிதனுக்கு எப்படி வாய் வந்ததோ.

மேட்டு பங்களாவிலோ அந்த வார்த்தை தங்கிவிட்டது. பிள்ளை போன அன்றிலிருந்து அடுக்களையில் ஒரு தடவை, கிணற்றடியில் ஒரு தடவை, கதவுக்குப் பின்னால் ஒரு தடவை, "அம்மா" என்று செவந்தியின் குரல் மட்டும் கேட்கும். "என்னடா?" என்று மனோன்மணி ஓடுவாள். அங்கே ஒன்றும் இருக்காது. குரலுக்கு ஒரு இலை போட்டாள், குரலுக்குப் பாய் விரித்தாள். கிராணி சத்தம் தாங்காமல் ஆபீசிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

சேர்த்து வைத்த நாலுமூலைக் காசையெல்லாம் மடியில் முடிந்துகொண்டு பாவாயி மேட்டுக்குப் போனாள்.

"கொசுறுக்கு வெல குடுக்க வந்தியா?" மனோன்மணியின் கண் குழிந்துபோயிருந்தது. "இதுக்கு நான் என்னன்னு வெல சொல்ல? முடிஞ்சாப் புடிச்சுட்டுப் போ. நான் தடுக்கல."

பாவாயி அந்தப் பங்களா முழுக்க முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கோழிக்குஞ்சு பிடிக்கிறவள் போல, அறை அறையாக நடந்தாள். "வாடி தங்கம். நான்தான்டி வந்துருக்கேன்," என்றாள். அலமாரிக்குப் பின்னால் "அம்மா" என்றது. ஓடினாள். "அம்மா" என்று அவள் தோளை உரசிக்கொண்டு போயிற்று, போகிற போக்கில் பிள்ளையின் மூச்சுச் சூடுகூடக் கழுத்தில் பட்டது. போய், நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த மனோன்மணியின் மடியில் விழுந்து "அம்மா, அம்மா" என்றது. பாவாயி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடுகிறது தன் மகள், கூப்பிடப்படுகிறவள் வேறொருத்தி, நடுவில் தான் எதற்கு என்று அவளுக்கு இருந்தது.

மழை தொடங்கியதும் செவந்திக்குக் குளிர்ஜுரம் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து கொயினா கொடுத்தார், ஜுரம் நிற்கவில்லை. கூப்பிட ஆளில்லாத பிள்ளைக்கு ஜுரம் இறங்காது என்று சடைச்சி சொன்னாள், அவளுக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. ஜுரத்தில் செவந்தி வாயைத் திறப்பாள், மூடுவாள். இங்கே சத்தமில்லை. மேட்டு பங்களாவில் "அம்மா! அம்மா!" என்று அலறல் கேட்கும், மழையையும் தாண்டி லயம் வரைக்கும் கேட்கும். அங்கே ஒருத்தி அலறலைக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் கொடுக்க வாய் கிடைக்காமல் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். இங்கே ஒருத்தி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடப்படாமல் உட்கார்ந்திருந்தாள். பாவாயி ஊட்டின தண்ணீர் கடைவாயில் வழிந்து பாயில் போயிற்று. இப்படியே விட்டால் பிள்ளை செத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மழை விட்ட ஒரு காலை நேரத்தில் மகளைக் கோணியால் போர்த்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை.

"வெச்சுக்குங்க கிராணியம்மா."

மனோன்மணி உள்ளே ஓடி, கையில் அள்ளிய செப்புக்காசோடு வந்தாள். "நல்ல காசு. ராஜா காசு. வாங்கிக்க."

"வேணாங்க."

"வாங்கிக்க பாவாயி! இல்லாட்டி மறுபடியும் எறங்கி உன் பின்னாலயே வந்துரும். இன்னொரு வாட்டி என்னால தாங்க முடியாது."

"மனசாரச் சும்மா குடுத்தது திரும்பி வராதுங்க," என்றாள் பாவாயி. "அது எனக்குத் தெரியற மாதிரி வேற யாருக்குத் தெரியும்?"

மனோன்மணி நம்பவில்லை. பாவாயியின் கையை இழுத்துப் பிரித்து, காசைத் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். நல்ல காசுக்கு நடந்த நல்ல வியாபாரம், இனி எந்த ராஜா வந்தாலும் சாயாது. பிறகு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாவாயி படியிறங்கித் திரும்பினாள்.

செவந்தியின் காய்ந்த உதடு குவிந்தது, திறந்தது. வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தது வாய்க்கு வந்து சேர்ந்தது.

"அம்மா."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்! பாவாயிக்கு யோசனையே இல்லை, பெற்ற வயிறு முந்திக்கொண்டது.

"என்னடா சாமி?" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

செவந்தி தோளிலிருந்து தலையைத் தூக்கி, படிக்குக் கீழே நின்றவளைப் பார்த்தாள். பெரிய வீட்டில் கற்ற மரியாதை அந்த ஜுரத்திலும் அவளுக்குக் குறையவில்லை.

"உங்களக் கூப்பிடல, பாவாயக்கா," என்றாள்.